ஐந்தாவது டோஸ்

பத்து இருபதுக்குக் குப்பியைத் திறந்தாள் காம்ப்ளே சிஸ்டர்.
கரைசலை ஊற்றி, உள்ளங்கையில் உருட்டி,
லேபிளின் மேல் பேனாவால் நேரம் எழுதினாள்.
இனி நான்கு மணி நேரம்தான் அதற்கு ஆயுள்.
ஐந்து பிள்ளைகளுக்கான மருந்து.
நான்கு பேர் அழுதுவிட்டுப் போயாயிற்று.

"ஏக் பாக்கி ஹை" என்று என்னைப் பார்த்தாள்.
சீத்தா கேம்ப்பின் சந்துகள்
அவளுக்கு வெறும் எண்கள்.

குடையும் ரெஜிஸ்டருமாய் இறங்கினேன்.
சாக்கடைப் பலகை ஆடியது.
முதல் கதவில் பூட்டு. கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார்களாம்.
அடுத்ததில் ஓர் ஆள், வாயிலிருந்த பிரஷ்ஷை எடுக்காமலே
வேண்டாம் என்றார்.
அதற்கடுத்து கோவர் என்று சொல்லிப் பார்த்தேன்,
எதிர்வீட்டில் கஸ்ரா,
தண்ணீர்க் குழாயடியில் தட்டம்மை, மணல்வாரி.
எந்தப் பெயரில் கூப்பிட்டாலும்
அது நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
இருமிய பிள்ளை எழுந்து போய்
ரெண்டு மணி நேரம் ஆன பிறகும்
அறைக்குள் உட்கார்ந்திருக்கும்,
கிளம்பத் தெரியாத விருந்தாளி மாதிரி.

இசக்கியம்மாள் கம்மலுக்குக் கல் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
ஒரு குரோஸ் முடிந்தால் பதினெட்டு ரூபாய்.
பதினாலு மாதத்து முத்துராசு
பசை மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.
என் ரெஜிஸ்டரில் அவன் வரிசை முழுக்க வெள்ளை.

"ஊசி போட்டா காய்ச்சல் வரும்லா?"
"ஏழெட்டு நாள் கழிச்சு வரலாம். ரெண்டு நாள்ல போயிரும்."
"அந்த ரெண்டு நாளும் மடியவிட்டு எறங்கமாட்டான்.
கல்லு யாரு ஒட்டுவா?"

எனக்குக் கொடுத்திருக்கும் அட்டையில் இதற்குப் பதில் இல்லை.
அட்டையில் ஒரு தாய் சிரிக்கிறாள்.
அவளுக்கு வேலையே கிடையாது போல.

நான் ப்ளைவுட் சுவரைப் பார்த்தேன்.
ஆணி பிடுங்கிய ஓட்டையில் பேப்பர் திணித்திருந்தது.
அந்தப் பக்கம் ரஹ்மத்துன்னிசாவின் மகள்,
ஆறு மாதம்.
ஒன்பது முடியும்வரை அவளுக்கு ஊசி கிடையாது.
அதுவரை அவளுக்குச் சுவர் என்பது
இந்தப் பசை தின்னும் பயல்தான்.
அதையும் சொன்னேன்.
இசக்கியம்மாள் ஒரு கல்லை எடுத்தாள்,
வைத்தாள், தப்பான இடத்தில்.

என் மகனோடு பேசும்போது
நான் எப்போதும் அவன் வலப்பக்கம் நிற்பேன்.
பதினொரு வருஷப் பழக்கம்.
அன்றைக்கு அவனுக்கு ஊசி நாள்,
எனக்குக் கூலி நாள்.
இதை எந்த வாசலிலும் நான் சொல்வதில்லை.
பயத்தில் ஆட்டிய தலை
நான் சந்து திரும்புவதற்குள் மாறிவிடும்.
தவிர, அது என்னுடையது.

"காய்ச்சல் வந்தா நான் வர்றேன்" என்றேன்.
"நீங்க வந்து?"
"மடியில வச்சுக்கிறேன். நீ பாட்டுக்கு ஒட்டு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
பிள்ளையின் வாயிலிருந்து மூடியைப் பிடுங்கி
பசை டப்பாவைத் திருகினாள்,
ரொம்ப நேரம்.

ஒன்று ஐம்பது.
முத்துராசு அழவில்லை.
ஊசியையும் என்னையும் மாறி மாறி முறைத்தான்.
சிஸ்டர் காலிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
மராத்தியில் எதோ சொன்னாள்.
நல்ல வார்த்தைதான் என்று நினைக்கிறேன்.

எட்டாம் நாள் ராத்திரி போன்.
"கொதிக்குது. சொன்னியள்லா, வாரியளா?"

போனேன்.
சிஸ்டர் சொன்ன அளவில் மருந்தைப் புகட்டி
அவனை மடியில் போட்டுக்கொண்டேன்.
டீ கிளாஸ் மாதிரி சுட்டான்.
எதிரே அவள், பல்பைத் தாழ இழுத்துக் கட்டி,
கல், பசை, கல், பசை.
நாங்கள் அதிகம் பேசவில்லை.
மூன்று மணி வாக்கில் சுவருக்கு அப்பால்
அந்தக் குட்டி சிணுங்கியது,
ரஹ்மத்துன்னிசாவின் வளையல் ஓசை கேட்டது,
அடங்கியது.
இவனுக்கு நெற்றி வேர்த்தது.

மறுநாள் கேம்ப்பில் ரெஜிஸ்டரைப் பிரித்தபோது
உள்ளிருந்து ஒரு சிவப்புக் கல் விழுந்தது.
பதினெட்டு ரூபாயில் அது எத்தனை பைசா என்று
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
வரவில்லை.
சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.